பதினாலாம் நம்பர் கட்டடம்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மந்தைவெளியில் இரண்டு பேருந்து நிழற்குடைகள். அடையாற்றில் ஒரு பால்வாடி. அதன் சுவர் எழும்பும்போதே பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனார், தடை வாங்கினார், நான் தடையை உடைத்துக்கொண்டு வந்து கூரை போட்டேன். கால்வாய் ஓரமாக இரண்டு தெரு நீளத்துக்கு மழைநீர் வடிகால், தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறுகிற மண்ணில். தி.நகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர். கடைக்காரர்கள் பகலில் மணல் இறக்க விடவில்லை, விடியற்காலை நான்கு மணிக்கு இறக்கி ஏழு மணிக்குள் உள்ளே அள்ளிப் போட்டோம். கோபாலபுரத்தில் ஒரு பூங்காவின் நடைபாதை. சுடுகாட்டில் ஒரு மேடை. அந்த வேலைக்கு ஆட்கள் வர மறுத்தார்கள், ஐம்பது வயதில் நானே கலவை கலந்து நானே பூசினேன். கடைசியாக, மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிய ஒரு சந்தில், பெண்களுக்கு ஒரு கழிப்பறை. எட்டுக் கதவு.

இத்தனையிலும் நல்ல வேலை எது என்று கேட்டால் அந்தக் கழிப்பறையைத்தான் சொல்வேன். அது ஒன்றுதான் இப்போது இல்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சித்தாளாகப் போய், கொத்தனாராகி, மேஸ்திரியாகி, என் பெயரிலேயே டெண்டர் போடுகிற அளவுக்கு வந்தேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. நடுவில் சில வருடங்கள் கோடம்பாக்கத்தில் சினிமா செட் போடப் போனேன். பத்து நாளில் அரண்மனை எழுப்புவோம், பதினோராம் நாள் பிரித்து வண்டியில் ஏற்றுவோம். கூலி நன்றாகத்தான் கொடுத்தார்கள். எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை. இனி நான் கட்டினால் அது நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு முழுக்க முழுக்க மாநகராட்சி மன்றத்து வேலைதான். வார்டில் எது கட்டினாலும், எதற்கு வெள்ளை அடித்தாலும் மன்றம் தீர்மானம் போடும், டெண்டர் வரும், நான் போடுவேன்.

அந்தச் சந்தில் நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன. வீடு என்றால் ஒரு அறை. கழிப்பறை கட்ட மன்றம் ஒப்புதல் கொடுத்தும் யாரும் டெண்டர் போடவில்லை. சந்துக்குள் லாரி நுழையாது. கால்வாய்த் தண்ணீர் அடியில் வரும். என்னைக் கூப்பிட்டு, "நீங்க போட்டாத்தான் உண்டு" என்றார்கள். போட்டேன். செங்கல்லை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கொண்டு வந்தேன். குழியில் மூன்று முறை தண்ணீர் நிரம்பியது, மூன்று முறையும் இறைத்தோம். தளத்துக்கு வாட்டம் வைத்ததை மட்டும் யாரிடமும் விடவில்லை. கழிப்பறைக்கு உயிரே வாட்டம்தான். ஒரு வாளி ஊற்றினால் தண்ணீர் எங்கேயும் நிற்காமல் தானாக ஓட வேண்டும். குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து வைத்த வாட்டம் அது. இருந்த வரைக்கும் ஒரு சொட்டு தேங்கியதில்லை.

சாவியைச் சந்து முனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அம்மாளிடம் கொடுத்தேன். கணவர் போய்விட்டார், முழங்காலில் வலி, வாய் மட்டும் பத்துப் பேருக்குச் சமம். கழுவி விடுவதும் பூட்டுவதும் அவர்தான். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனால் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவார்.

"இன்னா நைனா, மயிலாப்பூர்ல பங்களாக்காரன் வூட்லகூட இப்டி டைல்ஸ் இல்லியாமே?"

"அவன் வூட்ல நான் கட்டலியே, எப்டி இருக்கும்?"

"இத்தப் பாரேன், கக்கூஸ் கட்டினதுக்கே இந்தப் பேச்சு. கோயில் கட்டியிருந்தா இன்னா பேசியிருப்பே?"

இப்படித்தான் இருப்போம். நான் டெண்டர் போடுவதை விட்ட பிறகும் வாரத்துக்கு ஒரு நாள் அங்கே போய் நிற்பேன். காலையில் பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்பதைப் பார்ப்பேன். இதெல்லாம் பார்க்கிற காட்சியா என்று என் மகள் கேட்பாள். கட்டியவனுக்குத் தெரியும்.

அதே சந்தில் எதிர்ப்பக்கம் ஒரு பழைய கொடோன் இருக்கிறது. அதுவும் மன்றத்துடையதுதான். கொசு மருந்து டப்பாக்களும் உடைந்த தள்ளுவண்டிகளும் போட்டு வைத்திருந்த இடம். சுவர் வீங்கி, கம்பி துரு ஏறி வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. அதன் நிழலில்தான் இஸ்திரி வண்டி நிற்கும். வேறு நிழல் அந்தச் சந்தில் கிடையாது. ஒரு நாள் காலையில் மேலேயிருந்து ஒரு பாளம் பெயர்ந்து, மடித்து வைத்திருந்த துணிமேல் விழுந்தது. அரை அடி தள்ளியிருந்தால் அவர் தலை.

"ஐயர் வூட்டு வேட்டி பத்தும் மண்ணாப் போச்சு. அத்த வுடு. நாளைக்கு என் தலைல வுழுந்தா யாரு பதில் சொல்வா? நீ சொன்னா ஆபீஸ்ல கேப்பாங்களே நைனா, ஒரு வார்த்தை சொல்லேன்."

நான் சொன்னால் கேட்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இந்த இடத்தில் சென்னையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்களுக்காக. இங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு எண். முன்னாளில் இருந்தது பழைய எண். பிறகு தெரு தெருவாக மறுபடியும் எண்ணிப் போட்டது புதிய எண். முகவரியில் இரண்டையும் எழுதுவார்கள். என் வயதுக்காரன் வாயில் பழையதுதான் வரும். கொடோனின் வாசலுக்கு மேலே சிமெண்டிலேயே பதினாலு என்று செதுக்கியிருக்கும். எனக்கு அது பதினாலாம் நம்பர். அதற்குப் புதிய எண் முப்பத்தொன்று என்று எவனோ ஒரு தகடு அடித்தானாம், அதுவும் துருப்பிடித்து விழுந்துவிட்டதாம். நான் பார்த்ததேயில்லை.

மண்டல அலுவலக வாசலில் மனு தட்டச்சு செய்து கொடுப்பவரிடம் போனேன். நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். இன்ன சந்தில், பதினாலாம் நம்பர் கட்டடம், மிகவும் பழுதடைந்து உயிருக்கு ஆபத்தாக உள்ளபடியால், உடனடியாக இடித்து அப்புறப்படுத்த வேண்டும். அவர் கையை நிறுத்திக் கேட்டார்.

"பதினாலு பழசா, புதுசா பெரியவரே?"

"பதினாலுன்னா பதினாலுதாம்பா. அந்தச் சந்துல ஒவ்வொரு செங்கல்லையும் எனக்குத் தெரியும். நீ அடி."

அடித்தார். கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து மட்டும் எனக்கு நன்றாக வரும், பில்லுகளில் போட்டுப் போட்டு வந்தது.

அந்த மாதக் கூட்டத்துக்கும் போனேன். பழைய ஒப்பந்தக்காரன் என்பதால் பின்வரிசையில் ஒரு நாற்காலி கொடுப்பார்கள். மண்டலக் குழுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று பார்க்காதவர்களுக்குத் தெரியாது. பட்டியலில் அறுபது பொருள் இருக்கும். தெருவிளக்கு மாற்ற, வடிகாலில் மண் அள்ள, நாய் பிடிக்கும் வண்டிக்கு டயர் வாங்க, பூங்கா பெஞ்சுக்குப் பெயிண்ட் அடிக்க. முதல் நான்கு பொருளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அன்றைக்கு நாய் வண்டி டயருக்கே முக்கால் மணி நேரம். எந்த வார்டுக்கு அந்த வண்டி எத்தனை முறை வந்தது என்று ஒருவரோடு ஒருவர் சண்டை. பிறகு வராந்தாவில் போண்டா வாசனை வரும். உடனே தலைமையில் இருப்பவர், "ஐந்து முதல் அறுபது வரை?" என்பார். எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். ஐம்பத்தாறு பொருள் ஒரே தட்டில் நிறைவேறிவிடும்.

குற்றமாகச் சொல்லவில்லை. நானும் அந்த வழக்கத்தில்தான் பிழைத்தேன். அந்தக் கழிப்பறைக்கு ஒப்புதல் கிடைத்ததும் அப்படி ஒரு தட்டில்தான்.

என் மனு நாற்பத்தேழாவது பொருள். பட்டியலை என் கையிலும் ஒன்று கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'எண் 14-இல் உள்ள பழுதடைந்த கட்டடத்தை இடித்து அகற்ற' என்று இருந்தது. நான் சொன்ன வார்த்தை அப்படியே அச்சில். என்னை மறந்து நானும் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைத் தட்டினேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கிருந்து நேராகச் சந்துக்குப் போய், "முடிஞ்சிது உன் வேலை" என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். அன்று சந்து முழுக்க என்னைத்தான் பேசியது.

இரண்டு மாதம் கழித்து எனக்குக் கண் ஆபரேஷன். கொட்டிவாக்கத்தில் மகள் வீட்டில் இருந்தேன். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு போன் வந்தது, இஸ்திரி அம்மாள்.

"நைனா, எங்க கீறே?"

"பொண்ணு வூட்ல. இன்னா?"

"மெஷின் வந்துகீது."

"வரட்டும். நான் எழுதின மனுவாச்சே. நீ வண்டியைத் தள்ளி நிறுத்திக்கோ."

"நிறுத்திட்டேன். ஆனா அது கொடோன் கிட்ட போகலியே. நம்ம கக்கூஸ் கிட்ட வந்து நிக்கிது."

"அங்க இன்னாத்துக்கு நிக்கிது? அவன் கைல போனைக் குடு."

"எத்தினி தபா குடுத்தாலும் வாங்க மாட்டேன்றான். கைல பேப்பர் வெச்சிகினு பதினாலு, பதினாலுன்றான். நீ கெளம்பி வா நைனா."

கண்ணில் கட்டோடு ஆட்டோ பிடித்தேன். திருவான்மியூர் சிக்னல், அடையாறு பாலம், எல்லாம் நெரிசல். காலை நேரத்தில் கொட்டிவாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வருவது என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். லாரி நுழையாத சந்தில் இயந்திரம் எப்படி நுழைந்தது என்று கேட்பீர்கள். இப்போது குட்டி இயந்திரங்கள் வந்துவிட்டன. நான் போனபோது ஒரே ஒரு சுவர் நின்றது. பெண்கள் கதவுகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள், எட்டையும். ஓட்டுநர் சின்ன வயதுக்காரர், இயந்திரத்தின் படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று தெரியாமல் என்னிடம் சொன்னார்:

"செம ஸ்ட்ராங்கு பெரியவரே. எவன் கட்டினானோ, அசையவே மாட்டேன்னுச்சு. அரை மணி நேர வேலைக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு."

என் வேலையைப் பற்றி மன்றத்து ஆள் ஒருவர் வாயிலிருந்து நான் கேட்ட பாராட்டு அது ஒன்றுதான்.

இடிபாட்டில் ஒரு நீலத் தகடு கிடந்தது. புதிய எண் 14. காலி மனையில் கட்டிய கட்டடம், அதனால் பழைய எண் கிடையாது. வாரம் ஒரு நாள் போய் நின்றேனே, அந்தத் தகட்டை ஒரு நாளும் நான் படித்ததில்லை. கழிப்பறைக்கு நம்பர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அன்று மத்தியானமே மண்டல அலுவலகத்தில் போய்ச் சத்தம் போட்டேன். எந்த மடையன் இந்த வேலையைச் செய்தது என்று கேட்டேன். உதவிப் பொறியாளர் புதிதாக மாற்றலாகி வந்தவர், பொறுமையானவர். கோப்பை எடுத்துத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானுங்களே?"

நன்றாக, அழகாக, என் கையெழுத்து.

"இது பழைய பதினாலு சார்" என்றேன்.

"மனுவுல பழையன்னு இல்லீங்களே. இப்ப ஆபீஸ்ல எல்லாமே புது எண்தான். நீங்க நேர்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். மனு அடித்தவர் கேட்டார்.

அந்த அம்மாளிடம் இதைச் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆனது. அதற்குள் அவரும் மற்றப் பெண்களும் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று அவரைத் திட்டிவிட்டு வந்திருந்தார்கள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். அவர் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ நீதான் கட்டினே, நீதான் இடிச்சே. மத்தவன் யாருக்கும் ஒரு வேலையும் வெக்கலியே நைனா!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சட்டைக்குத் தண்ணீர் தெளித்தார், தேய்த்தார், மடித்தார். அடுத்த சட்டையை எடுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கட்டியவன் நான், திரும்பக் கட்டவைக்கவும் என்னால் முடியும் என்று நினைத்தேன். இருபது தடவையாவது அலுவலகத்துக்கு நடந்திருப்பேன். கவுன்சிலரம்மா நல்லவர்தான். என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவார், நாற்காலி போடச் சொல்வார். முதலில், கொடோனையாவது இடியுங்கள் என்று கேட்டேன்.

"ஐயா, இடிக்கணும்னா அது ரெஜிஸ்தர்ல இருக்கணும். அந்தப் பழைய ரெஜிஸ்தர்ல பதினாலுன்னா கொடோன்தான், அதனால 'பழுதடைந்த கிடங்கு, இடிக்கப்பட்டது'ன்னு எழுதி முடிச்சிட்டாங்க. இல்லாத கட்டடத்தை எப்படி இடிக்கத் தீர்மானம் போடுறது?"

"நிக்கிதேம்மா. வந்து பாருங்க."

"தினமும்தான் பாக்குறேன் ஐயா."

சரி, கழிப்பறையைத் திரும்பக் கட்டுங்கள் என்றேன். அதற்கும் மனு போட்டோம். இந்த முறை பழைய எண், புதிய எண், பக்கத்து வீட்டு எண், எதிர்வீட்டு எண் எல்லாம் எழுதினேன். மேலிடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. அந்தச் சந்தில் ஏற்கெனவே ஒரு கழிப்பறை இருப்பதால் இன்னொன்று தேவையில்லையாம். கொடோன் பதிவேட்டில்தானே இடித்ததாக எழுதினார்கள். கழிப்பறைப் பதிவேடு வேறு. அதில் என் கட்டடம் எட்டுக் கதவோடு அப்படியே நிற்கிறது.

பிழையைத் திருத்தக் கவுன்சிலரம்மா ஒரு பொருளும் வைத்தார். முதல் மாதம் கூட்டம் ஒத்திவைப்பு. அடுத்த மாதம் அது ஐம்பத்திரண்டாவது பொருள். 'பதிவு செய்யப்பட்டது' என்று முடித்தார்கள். பதிவு செய்யப்பட்டது என்றால் என்ன அர்த்தம் என்று பொறியாளரிடம் கேட்டேன். படித்தோம் என்று அர்த்தம் என்றார்.

அதற்கும் அடுத்த கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டாவது பொருள், வார்டிலுள்ள பொதுக் கழிப்பறைகளுக்கு வண்ணம் பூசி பல்பு மாற்றுவது. இடங்களின் பெயர்களில் எங்கள் சந்தும் இருந்தது. ஐந்து முதல் அறுபது வரை என்றார்கள். தட்டினார்கள். நான் எழுந்து, "இல்லாத சுவத்துக்கு எப்படிய்யா பெயிண்ட் அடிப்பீங்க?" என்று கத்தினேன். யாரோ, "பெரியவருக்கு டீ குடுங்கப்பா" என்றார்கள். கைத்தாங்கலாக வராந்தாவுக்குக் கூட்டி வந்து, டீயும் போண்டாவும் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்தபோது உள்ளே கூட்டம் முடிந்துவிட்டது.

இப்போது அந்த அம்மாள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக இடம் இல்லை. மத்தியானம் ஒரு முறை, வலிக்கிற முழங்காலோடு பறக்கும் ரயில் நிலையம் வரை நடந்துபோய், ஒரு டிக்கெட் எடுத்து உள்ளே போய்விட்டு வருகிறார். டிக்கெட் இல்லாமல் விடமாட்டார்கள். "தினம் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கிறேன், ஒரு நாளும் ரயில் ஏறினதில்ல" என்று சந்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். நான் இருந்தால் சொல்லமாட்டார். போன கோடையில் சிறுநீரகத்தில் கல் என்று ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்திருந்தார். திரும்பி வந்து, அதே கொடோன் சுவருக்குக் கீழேதான் வண்டியை நிறுத்தியிருக்கிறார். சுவர் இன்னும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. வண்டியைத் தள்ளிப் போடச் சொன்னேன். நிழல் எங்கே என்று கேட்டார்.

போன மாதம் ஒரு பொருள் நிறைவேறியது. கிடங்கு இடிக்கப்பட்ட காலி மனையில் உடற்பயிற்சிச் சாதனங்கள் அமைப்பது. காலி மனை என்றால் என் கழிப்பறை நின்ற இடம். நான்கு இரும்புச் சாதனங்கள், இடுப்பை அசைக்க ஒன்று, கையைத் தள்ள ஒன்று. தரைக்கு சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். வாட்டம் இல்லை. முதல் மழைக்கே தண்ணீர் கட்டும். சொன்னேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

திறப்பு விழாவுக்குக் கல் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பொறியாளரிடம் கேட்டேன், காகிதத்தைக் காட்டினார். முன்னிலை வகித்தவர், திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், ஒப்பந்தக்காரர். எட்டு வரி.

என் பெயரையும் போடுங்கள் என்றேன்.

"நீங்க இதுல எங்க வர்றீங்க பெரியவரே? கல்லுல இடமும் இல்ல."

நான் எங்கே வருகிறேன் என்று காட்டத்தான், அதே மனு அடிப்பவரிடம் உட்கார்ந்து இதைச் சொல்லச் சொல்ல அடிக்கவைத்தேன். ஒரு படி மண்டல அலுவலகத்துக்கு, ஒரு படி கவுன்சிலரம்மாவுக்கு. இத்தனை கட்டடத்தில் ஒன்றில்கூட என் பெயரைப் போடச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒப்பந்தக்காரர் பெயர் கடைசி வரியில் சின்ன எழுத்தில் வரும், பாதிக் கல்லில் அதுவும் விட்டுப்போகும், நான் பேசாமல் இருந்திருக்கிறேன். இந்தக் கல்லில் பேசாமல் இருக்க முடியாது. அந்தச் சந்துப் பெண்கள் இன்னமும் கவுன்சிலரைத் திட்டுகிறார்கள், இயந்திரக்காரனைத் திட்டுகிறார்கள், எழுத்தரைத் திட்டுகிறார்கள். அது சரியில்லை.

எட்டு வரிக்கு மேலே இரண்டு வரி எனக்கு வேண்டும். கல் பெரிதாக வேண்டுமானால் என் செலவில் வாங்கித் தருகிறேன். இந்த இடத்தில் பெண்களுக்கு எட்டுக் கதவு வைத்த கழிப்பறை இருந்தது, கட்டியவர் என்று போட்டு என் பெயர். அதற்குக் கீழே, பழைய எண்ணா புதிய எண்ணா என்று கேட்டபோது பதில் சொல்லாமல் அதை இடிக்க மனு கொடுத்தவர் என்று போட்டு, மறுபடியும் என் பெயர். இரண்டும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். தீர்மானம் தேவை என்றால் பட்டியலில் வையுங்கள், ஆனால் முதல் நான்கு பொருளுக்குள் வையுங்கள். யாராவது ஒருவர் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.